கம்மும் ஹோமும்

ஆர்லன் ஸ்குடாலுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவருடைய அப்பா அம்மாவுக்கும் கேட்காது, மனைவி மர்லிஸுக்கும் கேட்காது. அதனால் அந்த வீட்டில் அதை ஒரு குறையாக யாரும் நினைத்ததில்லை. மின்னசோட்டாவில், ஏரிக்கரையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில், காது கேளாதோர் பள்ளியில் படித்து, அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியராகி, தலையில் இருந்த முடி முழுவதையும் அங்கேயே கொட்டித் தீர்த்தவர். ஊரில் அவருக்கு இன்னொரு பட்டமும் உண்டு. கவிஞர்.

அந்தப் பட்டத்தை ஊர் கொடுத்ததா, இவராகவே எடுத்துக்கொண்டாரா என்பதில் மர்லிஸுக்கு இன்றுவரை சந்தேகம்தான். ஊரில் யாராவது ஓய்வு பெற்றால் நாலு வரி, குழந்தை பிறந்தால் நாலு வரி, பெரிய மீன் பிடித்தால் ஆறு வரி என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பார். வரிகளின் கடைசிச் சொற்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். தமிழில் இயைபு என்பார்களே, அது. கேட்டவர்களுக்கும் எழுதினார், கேட்காதவர்களுக்கும் எழுதினார். ஊர் எல்லையில் நெடுஞ்சாலையோரம் நிற்கும் வரவேற்புப் பலகையில்கூட அவருடைய ஈரடிதான். "எங்கிருந்து நீங்கள் வந்தாலும் சரி, இனி இதுவே உங்கள் வீடு" என்பது அதன் பொருள். அதைத் திறந்துவைத்த நாளில் மேயர் கைகுலுக்கிய படம் அவர் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது.

குளிர்காலத்தில் ஊர்ப் பையன்கள் பனித்தளத்தில் ஆடும் ஹாக்கி ஆட்டங்களுக்குத் தவறாமல் போவார். பக்கத்து ஊர் ரசிகர்கள், தங்கள் அணி ஜெயிக்கும்போதெல்லாம், அவருடைய ஈரடியின் கடைசிச் சொற்களை அட்டையில் பெரிதாக எழுதித் தூக்கிப் பிடித்து எதையோ சேர்ந்து கத்துவார்கள். எதிரி ஊரில்கூடத் தன் கவிதை பரவியிருப்பதைப் பார்த்து ஆர்லனுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். ஒருமுறை எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, குனிந்து வணக்கமும் சொன்னார். அந்தப் பக்கம் ஒரே ஆரவாரம். சந்தோஷத்தோடு உட்கார்ந்தார்.

அந்த வருஷம் கோடை விடுமுறை முடிகிற நேரத்தில் தலைமையாசிரியை கோரின் ஆசிரியர்களைக் கூட்டினாள். கோரினுக்குக் காது கேட்கும். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள். சைகை சரளமாக வரும். இந்தக் கதையில் பள்ளிக்குள்ளும் ஆர்லன் வீட்டிலும் யார் என்ன பேசினாலும் அது கையால் பேசியது என்றே கொள்ளவேண்டும்.

"இந்த வருஷம் ஃபோனிக்ஸ் ஆரம்பிக்கறோம்" என்றாள் கோரின். "இங்கிலீஷ் ஓசைய எல்லாம் பிள்ளைங்களுக்குக் கண்ணால காட்டப் போறோம். ஒரு ஓசைக்கு ஒரு கை அசைவு. வாசிப்புக்கு உதவும்."

ஆர்லன் எழுந்தார். "என் மண்டையப் பாருங்க" என்று வழுக்கையைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு ஒரு சீப்பு வாங்கிக் குடுப்பீங்களா? அந்த மாதிரி இருக்கு இது."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சின்ன வயதில் இதே கட்டடத்தில் பேச்சு டீச்சர் அவருடைய கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்து, அதிர்வு தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டபடியே வருஷங்களைத் தின்றிருக்கிறாள். கணக்கும் சரித்திரமும் படிக்க வேண்டிய நேரமெல்லாம், முகத்துக்கு முன்னால் தொங்கவிட்ட காகிதத்துண்டை 'ப' என்று ஊதி அசைப்பதில் போயிற்று. அத்தனை பயிற்சிக்குப் பிறகு, வீரத்தோடு ஓர் உணவுக்கடைக்குப் போய்த் தன் சொந்தக் குரலில் 'மில்க்' கேட்டார். பணிப்பெண் பதறிப்போய்க் கழிப்பறை இருக்கும் பக்கம் கையைக் காட்டினாள். வேறு வழியில்லாமல் அங்கே போய்விட்டுத்தான் வந்தார். அன்றோடு குரலுக்கு ஒரு கும்பிடு.

"இதுல யாரும் வாயத் தொறக்க வேண்டாம், ஆர்லன். பிள்ளைங்களும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்" என்றாள் கோரின். "வந்து பாருங்க. பிடிக்கலன்னா அப்பறம் சீப்பப் பத்திப் பேசலாம்."

பயிற்சி பள்ளி நூலகத்தில் நடந்தது. நடத்தியவள் ஜொலீன். பேச்சுப் பயிற்சியாளர், பால்பண்ணை வீட்டுப் பெண், காது கேட்கும். வேகமாகச் சைகை செய்வாள், பாதியில் தடுமாறினால் தன்னைத் தானே தலையில் தட்டிக்கொள்வாள். ஆர்லன் கடைசி நாற்காலியில் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காது கேளாதவர் கையைக் கட்டிக்கொண்டால் வாயைப் பொத்திக்கொண்டதாக அர்த்தம். ஜொலீனுக்கு அது புரிந்தது. புரியாத மாதிரி ஆரம்பித்தாள்.

உதடு எப்படி மூடுகிறது, நாக்கு எங்கே தொடுகிறது, காற்று வெடித்து வருகிறதா நழுவி வருகிறதா என்பதையெல்லாம் அவளுடைய விரல்கள் நடித்துக் காட்டின. எழுத்துக்கு ஒரு அசைவு இல்லை, ஓசைக்கு ஒரு அசைவு. கேட்கிறவர்களின் வாய்க்குள் ஒளிந்திருப்பதை எடுத்து வெளியே மேசைமேல் வைத்த மாதிரி இருந்தது. ஆர்லனின் கட்டு கொஞ்சம் தளர்ந்தது.

ஜொலீன் பலகையில் கத்தி என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுதினாள். முன்னால் 'கே' நிற்கிற சொல். ஆனால் கையால் ஓசையைக் காட்டும்போது அந்தக் 'கே'யைத் தாண்டிப் போய் 'ந'வில் ஆரம்பித்தாள்.

ஆர்லன் கையை அவிழ்த்தார். "ஒண்ண விட்டுட்டீங்க."

"விடல. அந்தக் 'கே'க்கு ஓசையே கெடையாது."

"பின்ன அங்க என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா நிக்குது."

"எவ்வளவு நாளா?"

"பல நூறு வருஷமா."

"அட, அரசாங்க உத்தியோகம்!" என்றார் ஆர்லன். "என்னை மாதிரி."

அதற்குப் பிறகு முன் நாற்காலிக்கு வந்துவிட்டார். மனுஷனுக்கு வெறி பிடித்துவிட்டது. இருமலுக்கு ஒரு சொல், மரக்கிளைக்கு ஒரு சொல், மாவுக்கு ஒரு சொல்: காஃப், பவ், டோ. வால் நாலு எழுத்து ஒன்றேதான், ஓசையோ மூன்று விதம். இவ்வளவு காலமும் ஆங்கிலத்தை நேர்மையான மனிதன் என்று நம்பியிருந்தார். எழுதியதைத்தான் வாயிலும் சொல்லுவார்கள், தனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்திருந்தார். இப்போது பார்த்தால் கேட்கிறவர்கள் ஒன்றை எழுதிவிட்டு இன்னொன்றைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்!

மறுநாள் மத்தியானம், பூசணி ரொட்டியும் காபியும் முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும், ஜொலீன் இயைபுக்கு வந்தாள். "கடைசி ஓசை ஒத்துப்போற ரெண்டு வார்த்த சொல்லுங்க" என்றாள்.

கவிஞர் இருக்கும்போது மற்றவர்கள் கை தூக்குவது மரியாதையா? ஆர்லன் எழுந்தே விட்டார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஊர் எல்லைப் பலகையின் கடைசிச் சொற்கள் இரண்டையும் விரல் விரலாக எழுதிக் காட்டினார். முதல் சொல்: சி, ஓ, எம், ஈ. இரண்டாவது: ஹெச், ஓ, எம், ஈ.

கம். ஹோம்.

ஜொலீனின் முகத்தில் ஏதோ நடந்தது. காது கேட்காதவர்கள் முகத்தைப் படித்தே வளர்ந்தவர்கள். அவர்களிடம் முகத்தை மறைப்பது கஷ்டம். அவள் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்தி, பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நல்ல உதாரணம். அப்பறம் பாப்போம். வேற யாராவது?"

"அப்பறம் எதுக்கு? இப்பவே ஓசையக் காட்டுங்க."

"ஆர்லன்..."

"காட்டுங்க."

அவள் காட்டினாள். முதல் சொல்லுக்கு நடுவில் கை ஒரு மாதிரி போயிற்று. இரண்டாவதற்கு நடுவில் விரல்கள் உருண்டு வேறு மாதிரி போயிற்று.

"தப்பு" என்றார் ஆர்லன். "திரும்ப."

திரும்பக் காட்டினாள். அதேதான்.

"இல்லம்மா, நீ புதுசு, கொழப்பிக்கற. நடுவுல ரெண்டுலயும் 'ஓ'தான் இருக்கு. இந்த ஊர்ப் பலகையிலயே இருக்கு. நானே எழுதினது" என்று சொல்லிவிட்டு, ஆதரவுக்காகக் காது கேட்கிற மற்ற ஆசிரியர்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருத்தி தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். வாசலருகே நின்ற கோரின் ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்தாள். அந்த ஏரியை அவ்வளவு ஊன்றி யாரும் அதுவரை பார்த்ததில்லை.

ஆர்லன் உட்கார்ந்தார்.

வீட்டுக்குப் போனதும் மர்லிஸிடம் சொன்னார். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை முடிந்து வந்து, அடுப்பிலிருந்து உருளைக்கிழங்கும் கறியும் போட்ட ஹாட்டிஷை எடுத்துக்கொண்டிருந்தவள், பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து, நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து சிரித்தாள்.

"என்னடி, இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"ஊரே படிச்சிட்டு வாய மூடிட்டு இருந்திருக்கு. அந்த மேயர் வேற கைகுலுக்கினாரே!"

"எனக்குச் சின்ன வயசுல டீச்சர் சொல்லிக்குடுத்தது, வார்த்தையோட வால் ஒண்ணா இருக்கணும்னுதான். வால்னா எழுத்துன்னு நெனச்சேன். நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கு மட்டும் கேட்டுச்சா?" என்று கண்ணைத் துடைத்தவள், சட்டென்று நிமிர்ந்தாள். "ஐயோ! அம்மா கல்லு!"

மர்லிஸின் அம்மா தேவாலய விருந்துகளுக்குச் சமைத்தே பேர் வாங்கியவள். அவளுடைய கல்லறைக் கல்லிலும் ஆர்லனின் ஈரடிதான் வெட்டியிருக்கிறது. மனசு நல்ல மனசு, மேசை நிறையச் சாப்பாடு என்று பொருள். ஒரு வரி நல்லது என்கிற சொல்லில் முடியும், மறு வரி சாப்பாடு என்கிற சொல்லில் முடியும். இரண்டுக்கும் வால் ஒன்றே: ஓ, ஓ, டி. ஆர்லன் அன்று கற்றுக்கொண்ட அசைவுகளை வைத்து, ஜொலீன் கொடுத்த அட்டையைப் பார்த்துப் பார்த்து ஓசையைப் போட்டுப் பார்த்தார். குட். ஃபூட். ஒட்டவில்லை. பலகை என்றால் பெயிண்ட் அடிக்கலாம். இது கருங்கல்.

"போச்சு" என்றார்.

மர்லிஸ் இப்போது சிரிக்கவில்லை. "அம்மாவுக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றாள் மெதுவாக. "படுக்கைல இருக்கறப்ப நீ எழுதிக் குடுத்ததப் படிச்சா. ரெண்டாவது தடவயும் படிச்சா. பாஸ்டர் வேற ஏதோ வசனம் போடலாம்னு சொன்னார். வேணாம், மாப்பிள்ள எழுதினதுதான் வேணும், ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாதுன்னா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அந்த ஹாட்டிஷ் ஆறிப்போன பிறகுதான் சாப்பிட்டார்கள்.

மாமியாரை மன்னித்துவிட்டார். ஊரை மன்னிக்க முடியவில்லை. காலையில் நேராகக் கோரினின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஹாக்கில அவங்க அட்டையத் தூக்கிப் பிடிச்சுக் கத்தறாங்களே, அது என்னது?"

கோரின் தயங்கினாள். "ரெண்டும் ஒத்துப்போகணும்னு 'கோம் ஹோம்', 'கோம் ஹோம்'னு கத்துவாங்க. நம்மளக் கேலி பண்ண."

"நான் எழுந்து வணக்கம் சொன்னேன்."

"பாத்தேன்."

"தொப்பியக் கழட்டினேன்."

"அதையும் பாத்தேன்" என்றவளின் உதடு துடித்தது. ஆர்லனுக்கும் வயிற்றுக்குள் சிரிப்பு முட்டியது. ஆனால் கோபப்பட வந்த இடத்தில் சிரிக்கக்கூடாது என்று பிடிவாதமாக நின்றார்.

"ஏன் ஒருத்தர்கூடச் சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. மனசு கஷ்டப்படுமேன்னு..."

"பாவம்னு நெனச்சீங்க."

கோரின் மேசைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தாள்.

"இதே ஒரு காது கேக்கறவன் இப்படி எழுதியிருந்தா அன்னிக்கே கிழிச்சிருப்பீங்க. அவன் திருத்தி எழுதியிருப்பான். இத்தன வருஷத்துல நல்ல கவிஞனாவே ஆகியிருப்பான். எனக்கு மட்டும் கைதட்டிட்டு விட்டுட்டீங்க. காது கேக்கலங்கறது எனக்கு என்னிக்குமே பெரிசா இருந்ததில்ல, கோரின். நேத்துதான் நான் செவிடன்னு தெரிஞ்சுது."

கோரின் மேசையைச் சுற்றி வந்து, மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையசைத்தார். வெளியே வந்து, தாழ்வாரத்தில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்ன காட்சியை நினைத்துச் சுவரில் சாய்ந்து சிரித்தார்.

பிறகு அவர் செய்த காரியம், நகர மன்றக் கூட்டத்துக்குப் போய்ப் பலகையை மாற்றி எழுத அனுமதி கேட்டது. ஜொலீன் பக்கத்தில் நின்று அவர் சைகையைக் குரலில் சொன்னாள். சபை நெளிந்தது. மளிகைக்கடைக்காரர் எழுந்து, இத்தனை வருஷப் பழக்கம் என்றார். 'கோம் ஹோம்' என்று போட்ட பனியன்கள் கடையில் நிறையக் கிடக்கின்றன என்றார் இன்னொருவர். நம் ஊருக்கு இருக்கிற ஒரே அடையாளம் அதுதான் என்று ஒரு அம்மாள் கண்கலங்கினாள். வாக்கெடுப்பு நடந்தது. தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ள அனுமதி கேட்டு வாக்கெடுப்பில் தோற்ற கவிஞர் உலகத்திலேயே தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று மர்லிஸிடம் வந்து பெருமையடித்துக்கொண்டார்.

பள்ளி திறந்தது. ஆர்லன் புதிதாக மதம் மாறியவரின் வேகத்தோடு வகுப்பில் இறங்கினார். பிள்ளைகளில் சிலருக்குப் பிடித்தது, சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எல்லோரையும்விடச் சீக்கிரம் பற்றிக்கொண்டவள் இஃப்ரா. எட்டு வயது. சோமாலியக் குடும்பம், அப்பா வான்கோழி வெட்டும் ஆலையில் வேலை பார்க்கிறார். இஃப்ராவுக்கு வாசிப்பு என்றால் முன்பு வேப்பங்காய். ஒவ்வொரு சொல்லையும் ஒரு படம் மாதிரி மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. புதுச் சொல் வந்தால் வழியே இல்லாமல் நிற்பாள். இப்போது புதுச் சொல்லைப் பார்த்தால் மேசைக்கு அடியில் அவளுடைய விரல்கள் மெல்ல முணுமுணுக்கும். துண்டு துண்டாகப் பிரித்து, மறுபடி கோத்து, நிமிர்ந்து பார்ப்பாள். எதிரே இருக்கிறவர் வாயைப் பார்க்கும்போது, அங்கே ஓடுகிற அசைவுக்கும் புத்தகத்தில் இருக்கிற எழுத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது அவளுக்குப் பெரிய சேதியாக இருந்தது.

ஒருநாள் காலையில் வந்ததும் ஆர்லனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கப்பா தெனமும் வண்டியிலேருந்து எறக்கி விடறப்ப ஒண்ணு சொல்றார். சின்ன வயசுலேருந்து சொல்றார். என்ன வார்த்த அது?"

"எப்படிச் சொல்றார்? வாயக் காட்டு."

அவள் வாயை அகலத் திறந்தாள். உதட்டை மூடினாள். திறந்து, குவித்தாள். அவ்வளவுதான்.

இஃப்ராவின் அப்பாவுக்கு வா, சாப்பிடு, தூங்கு என்று நாலைந்து சைகைகள்தான் தெரியும். ஆர்லன் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். இதற்குத்தானே பயிற்சி எடுத்தது? உதடு மூடினால் அது மூன்று ஓசைகளில் எதுவாகவும் இருக்கலாம். பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். முடிவில் நாக்கு உள்ளே என்ன செய்தது என்பதும் தெரியாது. பலகை முழுவதும் எழுதி, அடித்து, எழுதி, கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"எ போட். படகு! உங்கப்பா உன்னப் படகுன்னு கூப்பிடறார்."

இஃப்ரா யோசித்தாள். "எங்க வீட்ல படகே இல்லையே."

"வாங்கணும்னு ஆச இருக்கும். இந்த ஊர்ல படகு ஆச இல்லாத ஆம்பள யாரு?"

ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்த வாரம் முழுவதும் இஃப்ரா தன்னைப் படகாக வரைந்தாள். நீலத் துணி முக்காடு போட்ட படகு, கண் வைத்த படகு, ஏரியில் மிதக்கிற படகு. ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போய் அப்பாவிடம் கொடுத்தாள்.

பெற்றோர் சந்திப்பு நாளில் அவளுடைய அப்பா கூலேத் வந்தார். உயரமான மனிதர். அந்தப் படத்தை மடிக்காமல் கையில் பிடித்திருந்தார். ஜொலீன் நடுவில் உட்கார்ந்து, அவர் குரலில் சொன்னதை ஆர்லனுக்குக் கையில் சொன்னாள். இஃப்ரா ஜன்னலருகே முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, என் பொண்ணு ஏன் தன்னப் படகா வரையறா? யாராவது அவகிட்ட ஏதாவது சொன்னாங்களா?" அவர் படத்தை மேசைமேல் வைத்தார். "அவ பொறக்கறதுக்கு முன்னாடி நாங்க ஒரு படகுலதான் தப்பிச்சு வந்தோம். ஏறினவங்க எல்லாரும் எறங்கல. என் தங்கச்சி எறங்கல. இவகிட்ட அதப் பத்தி நாங்க சொன்னதே இல்ல."

ஆர்லனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மேதாவித்தனம் பண்ணப்போய் எங்கே கொண்டுவந்து கையை வைத்திருக்கிறோம் என்று உடம்பெல்லாம் கூசியது. "யாரும் எதுவும் சொல்லல. முட்டாள் நான்தான்" என்று ஆரம்பித்து, வண்டியிலிருந்து இறக்கிவிடும்போது அவர் சொல்கிற சொல்லைக் கண்டுபிடிக்கப் போன கதை முழுவதையும், ஆம்பளைகளின் படகு ஆசை உட்பட, ஒன்றுவிடாமல் சொன்னார்.

கூலேத் ஜொலீனின் குரலைக் கேட்டுக்கொண்டே ஆர்லனின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறார் என்று பயந்துபோனார் ஆர்லன். சிரிப்பு.

"படகா? நான் ஆபோன்னு சொல்றேன். ஆபோ!"

"அப்படின்னா?"

"அப்பா."

"நீங்க அவளக் கூப்பிடறது..."

"ஆமா. எங்க ஊர்ல அப்பாக்காரன் மகள அப்பான்னுதான் கூப்பிடுவான். செல்லமா. அவ என்னக் கூப்பிடற மாதிரியே நான் அவளக் கூப்பிடுவேன்."

இது தமிழர்களுக்கு ஆச்சரியமாக இராது. ஆனால் ஆர்லன் நார்வேகாரர்கள் வழியில் வந்தவர். அவருடைய அப்பா அவரைப் பெயர்சொல்லிக் கூப்பிட்டதே அதிகம். இஃப்ரா எழுந்து வந்து மூன்று பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜொலீன் அவள் பக்கம் திரும்பி, அப்பா தினமும் சொல்கிற சொல் என்ன என்று சொல்லி, அதன் ஓசைகளை ஒவ்வொன்றாகக் கையில் போட்டுக் காட்டினாள். வாய் திறந்த ஓசை. உதட்டில் வெடிக்கிற ஓசை, மூன்றில் எது என்று சந்தேகமே இல்லாமல். குவிந்த ஓசை.

இஃப்ரா திருப்பிப் போட்டாள். இன்னொருமுறை போட்டாள். பிறகு யாரும் சொல்லாமலே ஆர்லனின் மேசையிலிருந்து பென்சிலை எடுத்து, படகுக்குக் கீழே எழுதினாள். ஏ, பி, ஓ.

கூலேத் அதைப் பார்த்தார். அந்தச் சொல்லை எழுத்தில் அவளுக்கு யாரும் காட்டியதில்லை. பென்சிலை வாங்கி, முன்னால் இன்னொரு 'ஏ' சேர்த்தார்.

"எங்க பாஷைல இழுத்துச் சொல்லணும்னா ரெண்டு தடவ போடணும். அவ்வளவுதான் வித்தியாசம். மத்தபடி எழுதற மாதிரியேதான் சொல்லுவோம்."

ஆர்லன் நாற்காலியில் நிமிர்ந்தார். "எழுதற மாதிரியே சொல்ற பாஷைகூட இருக்கா?"

"இருக்கு."

"சும்மா நிக்கற எழுத்து?"

"எதுக்கு சும்மா நிக்கணும்?"

"நான் தப்பான பாஷைல கவித எழுதியிருக்கேன்" என்றார் ஆர்லன்.

கூலேத் தனக்கும் அந்த அசைவுகளைச் சொல்லித்தரக் கேட்டார். ஆலையில் கத்தி பிடித்துப் பிடித்துத் தடித்துப்போன விரல்கள், சொன்னபடி மடங்கவில்லை. ஜொலீன் காட்டினாள், அவர் போட்டார், இஃப்ரா தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த பெற்றோர் வாசலில் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று ஆர்லன் கதவைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் மர்லிஸிடம் சொன்னபோது, படகு வரை வந்து நின்றுவிட்டார். கொஞ்சம் கழித்து மீதியையும் சொன்னார்.

அந்தக் குளிர்காலத்தில் இஃப்ரா புத்தகம் புத்தகமாக வாசித்தாள் என்று சொன்னால் அது பொய். தடுக்கித் தடுக்கித்தான் வாசித்தாள். ஆனால் தடுக்கின இடத்தில் உட்கார்ந்துவிடவில்லை. ஆர்லன் பலகையில் எழுதுவதில் ஓசை ஒட்டாத இயைபைக் கண்டால் நாற்காலிமேல் ஏறி நின்று காட்டிக்கொடுத்தாள். அவர் இப்போதும் ஓய்வு பெறுகிறவர்களுக்கு எழுதுகிறார். எழுதியதை முதலில் ஜொலீனிடம் கொடுப்பார். அவள் சிவப்பு மையில் திருப்பித் தருவாள். பாதிக்குமேல் சிவப்பாகத்தான் இருக்கும். அதைப் பார்த்தால் அவருக்கு என்னவோ சந்தோஷம்.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில், வகுப்பு ஜன்னலருகே காபியோடு நின்றபோது கூலேத்தின் வண்டி வந்து நின்றது. இஃப்ரா பையோடு இறங்கினாள். கூலேத் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மகளுக்கு மூன்று ஓசைகளைப் போட்டார். நடு ஓசை தப்பு. உதட்டில் வெடிக்க வேண்டியது மூக்கு வழியாகப் போய்விட்டது. மகளை 'ஆமோ' ஆக்கிவிட்டார்.

பின்னால் நின்ற பள்ளிப் பேருந்து விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. இஃப்ரா வாசல்வரை போனவள் நின்றாள். திரும்பி, சேற்றுத் தண்ணீரை மிதித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி ஓட்டுநர் பக்கம் போனாள். கண்ணாடியைத் தட்டினாள். கூலேத் இறக்கினார். அவருடைய கையைப் பிடித்து இழுத்து, விரலைச் சரியாக மடித்துவிட்டு, திரும்பப் போடச் சொல்லி, அவர் போட்டதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.